ஒட்டிக்கொண்ட வலி

"முழங்கைய மடக்குங்க அண்ணி, அப்பத்தான் உள்ள போகும்" என்றான் கொழுந்தன்.

விறைத்த இடது கை மடங்க மறுத்தது. சட்டையை நுழைக்க அவள் குனிந்து கணவனின் தோளைத் தூக்கியபோது தைல வாசனை குப்பென்று அடித்தது.

அது மகளுக்கு வாங்கிய தைலம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இன்று முழங்கால், நாளை முதுகு, மறுநாள் விலா என்று மாறி மாறி வலி. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்றார்கள். போன வாரம் நெஞ்சு படபடக்கிறது என்றதும் வீடே ஆடிப்போனது. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தார். எல்லாப் பரிசோதனையும் முடித்து, "இதயத்துல ஒரு குறையும் இல்ல. வலிக்குத்தான் காரணம் பிடிபடல" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அப்பா தன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். "கழுதை, உன் வலி எனக்கும் ஒட்டிக்கிச்சு பாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். டாக்டரின் அறைக்கதவு முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நெஞ்சு வலின்னு சொன்னது பொண்ணு. போனது அவரு" என்று யாரோ உறவுக்காரி கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது.

வாசற்படியில் நின்ற மகள் முழங்காலிலிருந்து சட்டென்று கையை எடுத்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவும் இல்லை, எதிலும் சாயவும் இல்லை.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"சொன்னா உனக்கும் ஒட்டிக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி இந்தப் பெண் எதையும் சொல்லமாட்டாள். நெஞ்சையே பிசைந்தாலும் அப்பாவைப்போல மறைத்துவிடுவாள்.

"அப்பா விளையாட்டுக்குச் சொன்னாருடி. அவருக்கு வந்தது வேற. அவரும் சொல்லல, நானும் கேக்கல. உன்னைக் கேக்கறேன். சொல்லு."

மகள் தரையையே பார்த்தாள்.

"வண்டி வந்துடுச்சு அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நிக்கட்டும்."

வாசலில் வண்டியின் இன்ஜின் ஓடி, ஓய்ந்தது.

"முழங்கால்" என்றாள் மகள். "ரெண்டும்."

அவள் தரையில் உட்கார்ந்து, மகளையும் உட்காரவைத்து, அவள் காலை மடியில் இழுத்துக்கொண்டாள். தைல டப்பாவைத் திறந்தாள். நடுவில் அவருடைய கட்டைவிரல் வழித்த குழி அப்படியே இருந்தது.

அவள் ஓரத்திலிருந்து கொஞ்சம் வழித்தெடுத்தாள்.