இன்னைக்கு என்னால முடியலீங்க

"அந்தச் சேலத்துப் பையன் வாசப்படி மிதிச்சான்னா பங்காளி ஒருத்தனும் பாடையில கை வைக்க மாட்டான். சொல்லிப்போட்டேன்" என்று கத்தினார் மணிமாறன். செத்துக் கிடப்பவர் அவருடைய சொந்த அண்ணன் சின்னுசாமி. ஆனாலும் குரலில் பிசிறே இல்லை.

"அவரு வருவாருங்க சித்தப்பா" என்றாள் செத்தவரின் மகள் நித்யஸ்ரீ.

கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் தன்னோடு வேலை பார்க்கும் சேலத்து ஜெரால்டைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது சேந்தமங்கலத்தில் கீரைக்காரி வரைக்கும் தெரிந்த கதை. மணிமாறனுக்கு மட்டும் அது சாவு வீட்டில்தான் உறைத்தது. பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். செத்தவரை யார் தூக்குவது என்ற பயத்தில் சௌந்திரத்துக்கு அழுகைகூட நின்றுபோனது.

சின்னுசாமிக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் வேலை. குஞ்சு வாங்கிப்போன பண்ணைகளுக்கு, எந்த நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்று தினமும் காலையில் போனில் சொல்வார். இருபத்திரண்டு வருடம் சொன்னார். போன வருடம் மகளும் ஜெரால்டும் அதற்கு ஒரு ரோபோ செய்து கொடுத்தார்கள். கையும் காலும் இருக்கும் என்று நம்பி சௌந்திரம் ஹேச்சரிக்கே போய்ப் பார்த்து ஏமாந்து வந்தாள். அது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வெறும் மென்பொருள். குஞ்சின் வயதைக் கணக்கிட்டு, மருந்தைக் கண்டுபிடித்து, இருநூற்றுப் பன்னிரண்டு பண்ணைகளுக்கும் செய்தி எழுதி வைத்துக்கொண்டு நிற்கும். ஆறரைக்குச் சின்னுசாமி 'சரி' என்று தட்டினால் அனுப்பிவிடும். எட்டு மணி வரைக்கும் தட்டாவிட்டால் என்ன செய்வது என்று ஜெரால்ட் கேட்டதற்கு, செய்தியின் கீழே சேர்த்துத் தானாகவே அனுப்பச் சொல்லி அவரே இரண்டு வரி எழுதிக் கொடுத்தாராம். அந்த வரிகளுக்கு ஒருநாளும் வேலை வரவில்லை.

அன்று விடியும் முன்பே அவர் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு முதல் பைக் வந்து நின்றது. பிறகு நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து பத்து, மலையடிவாரத்திலிருந்து இருபது. சட்டையில் தீவனத் தூசியோடு ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தெரு அடைத்துக்கொண்டது. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லையே என்று சௌந்திரம் திகைத்துக் கேட்டதும், ஒருவர் தன் போனை நீட்டினார். மருந்து விவரத்துக்குக் கீழே இருந்தது:

இன்னைக்கு என்னால முடியலீங்க. மருந்த மறந்துராதீங்க. சின்னுசாமி.

"அம்மை போட்டுப் படுத்தப்பக்கூடக் கூப்புட்டுச் சொன்ன மனுசனுங்க" என்றார் அவர். "முடியலைன்னு எழுதுனா வேற என்னங்க அர்த்தம்? குஞ்சுக்கு மருந்து குடுத்துப்போட்டு அப்படியே வந்துட்டோம்."

சௌந்திரம் எழுந்து வாசலுக்கு வந்தாள். தெருமுனை வரைக்கும் தலைகள். அந்தச் 'சரி'யைத் தட்டும் ஒரு விரல் அசையாததற்கு இவ்வளவு பேரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

யாரும் கேட்காமலே பண்ணைக்காரர்களில் நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த ஜெரால்ட் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தான். டீக்கடையிலிருந்து ஓடிவந்த மணிமாறன் தோள்கொடுக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை.

மணிமாறன் அந்த ஆடியிலேயே ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்த தையில் நித்யஸ்ரீக்கும் ஜெரால்டுக்கும் சேலத்தில் கல்யாணம். பாடை தூக்கிய நால்வரையும் கூப்பிட வேண்டும் என்று சௌந்திரம் ஒற்றைக்காலில் நின்றாள். அன்றைக்கு யாரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரிகை அடித்து, ஒவ்வொரு பண்ணைக்கும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டுத்தான், மகளோடு சேலத்துக்குக் குடிபோனாள்.