பலகையில் பதிந்த கை

என் கொழுந்தன் ஜியேவெனுக்கு மைக்ரான் பைத்தியம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான் என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே பாடம் எடுத்தான். எங்கள் ஊர் கங்ஷானில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் அவனுக்கு ஆபீஸ் வேலை. மற்ற நேரமெல்லாம் வீட்டு முன்னறையில், ஸ்கூட்டர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், உலோகத்தைச் சீவி வெட்டும் குட்டி மில்லிங் மெஷினோடுதான் குடித்தனம். அரிசி அளவுக்குப் பல்சக்கரம் வெட்டி இணையத்தில் படம் போடுவான். அவனைப் போலவே நாலு பைத்தியங்கள் ஆகா ஓகோ என்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஷுன்ஃபா மீன்பிடிக் கப்பலில் போகிறவர். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மெஷினின் அலுமினியப் பலகைமேல் வலது உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். மீதியைக் கப்பலில் கயிறு இழுக்கும் மெஷின் தின்றுவிட்டது.

"கையை எடுண்ணே! உன் சூட்டுல பலகை உப்புது. மூணு மைக்ரான் போச்சு!"

"போனா போவட்டும்டா. வயசே போயிட்டிருக்கு, பொண்ணு பாக்குற வழியப் பாரு."

பத்து நிமிடத்தில் பலகை ஆறிப் பழையபடி ஆகிவிடும். அது தெரிந்துதான் அவர் சீண்டுவார், அது தெரிந்தும் இவன் குதிப்பான்.

இந்த இலையுதிர் காலத்தில் அவருடைய கப்பல் வடக்குக் கடலில் காணாமல் போயிற்று. கம்பெனிக்காரர்கள் தேடினார்கள், பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். ஆவியைக் கூப்பிட்டுச் சடங்கு செய்துவிடுங்கள் என்று கம்பெனி ஆள் ஒருவன் பழக்கூடையோடு வந்து சொன்னான். கூடையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறவருக்கு எதற்குச் சடங்கு?

ஜியேவென் அழவில்லை. வெட்டும் முனையை நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்று சுழற்றும் புது ஸ்பிண்டில் ஒன்றை வாங்கி மெஷினில் மாட்டினான். முடி கனத்துக்கு இருக்கும் கட்டரை அதில் போட்டால், பலகை நாலு மைக்ரான் ஏறி இறங்கினாலும் ஒடிந்துவிடுமாம். அதனால் தினமும் காலையில் அளக்கும் ஊசி ஒன்றைப் பலகை முழுவதும் தொட்டுத் தொட்டு எடுக்க விடுவான். மேடு சிவப்பாகவும் பள்ளம் நீலமாகவும் திரையில் படம் வரும்.

ஒரு நாள் காலை நான் வீட்டை ஒட்டிய என் பலகாரக் கடையில் முட்டை அடை போட்டுக்கொண்டிருந்தபோது ஓடி வந்தான்.

"அண்ணி, அடுப்பை அணைங்க. வாங்க."

"வரிசையில ஆளு நிக்கிறாங்கடா."

"வாங்கன்னா!"

திரையில் ஒரு கை இருந்தது. நீலக் கை. ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றிருந்தது.

"ராத்திரி பூட்டித்தான் வெச்சேன்," என்றான். "மூணு நாளா வருது. நானும் அளவு தப்புன்னு நெனச்சு ஊசியெல்லாம் மாத்திப் பாத்துட்டேன்."

"நீலம்னா பள்ளம்தானே?"

"ஆமா. சூடான கை பட்டா பலகை உப்பும். இது உள்ள வாங்கியிருக்கு. இங்க பட்டது ஜில்லுன்னு இருக்குற கை."

நான் பலகைக்குப் போனேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையில் இருந்த இடத்தைக் கணக்குப் பார்த்து என் கையை வைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டதுபோல் முழங்கைவரை குளிர் ஏறியது. எனக்குப் பயமே வரவில்லை. அவர் கை எனக்குத் தெரியாதா?

மறுநாள் பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. கடையை மூடியதும் நேரே அங்கே போய்க் கை வைத்துக்கொண்டு உட்காருவேன். அவரோடு பேசுவேன். திட்டவும் செய்வேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒரு காலையில் அடையைத் திருப்பும்போது கருகல் நாற்றம் வந்தது. பார்த்தால் என் வலது கை அடை சுடும் கல்லின் மேலேயே இருக்கிறது. தோல் பொரிந்திருந்தது. வலி இல்லை.

அன்று மாலை ஜியேவென் பலகையின் வெறும் மூலையைக் காட்டி, "இங்க ஒரு தடவை கை வைங்க, அண்ணி," என்றான். எடுத்ததும் ஊசியை இறக்கி அளந்தான். ஒன்றுமே ஏறவில்லை. இடது கையை வைக்கச் சொன்னான். மூன்று மைக்ரான் ஏறியது.

"பாத்தீங்களா? அது உங்க சூட்டை உறிஞ்சுது. இன்னிக்குக் கை, நாளைக்கு?"

"அது இல்ல. உங்க அண்ணன்."

"அண்ணன் செத்துட்டான்! குளிர்ந்த கைன்னா செத்த கை. உங்களையும் இழுத்துட்டுப் போகப் பாக்குறான்."

"வடக்குக் கடல்ல கெடக்குற மனுஷன் கை சூடாவா இருக்கும், மடையா? மைக்ரான் தெரியுது, இது தெரியலையா உனக்கு?"

"நீங்களும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். அப்போதுதான் அழுதான். நான் மறுபடியும் கையை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் கடையில் நான் மயங்கி விழுந்தேன். வாடிக்கையாளர்கள் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்தபோது பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கொசுவின் சத்தத்தை ஆயிரம் மடங்கு பெரிதாக்கியதுபோல், பல் கூசும் ஊளை. ஸ்பிண்டில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அளக்கும்போது ஸ்பிண்டில் ஓடாது. வெட்டும்போதுதான் ஓடும்.

ஓடினேன். ஷட்டர் உள்பக்கம் பூட்டியிருந்தது.

"ஜியேவென்! நிறுத்துடா! பாவி, அவரைச் சீவாதடா!"

அடித்தேன், உதைத்தேன். தெருவே கூடிவிட்டது. உள்ளே ஊளை ஒரே சீராக இருந்தது. திடீரென்று ஓரிடத்தில் அது தணிந்து, மனிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முனகுவதுபோல் கேட்டது. என் கை அப்போது இழுபட்டது. யாரோ விரல்களுக்குள் விரல் கோத்து இழுத்த இழுப்பு. பிறகு விட்டுவிட்டது. ஊளை பழையபடி ஏறிற்று.

அவன் ஷட்டரைத் தூக்கினான். உடம்பெல்லாம் அலுமினியத் தூள். பலகையின் மேல்தோலை மெல்லிசாக மூலைக்கு மூலை சீவியிருந்தான். கண்ணாடிபோல் மின்னியது. கீழே கிடந்த சீவல்களில் ஒரு கைப்பிடி அளவு மட்டும் பனி பூத்திருந்தது. இலையுதிர் காலத்திலும் வெயில் இங்கே கொளுத்துகிற நேரத்தில் பனி.

"அளந்துட்டேன்," என்றான். "ஒரு மைக்ரான்கூட ஏத்த இறக்கம் இல்ல. கையைக் காட்டுங்க, அண்ணி."

என் கையைப் பிடித்துப் பார்த்தான். சூடு திரும்பியிருந்தது. தீப்புண் இப்போதுதான் பட்டதுபோல் எரிந்தது. அவன் அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "பொழச்சுக்கிட்டீங்க, பொழச்சுக்கிட்டீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த நெற்றியிலேயே அறையலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தெம்பில்லை.

சாயங்காலம் போன் வந்தது. வேறொரு கப்பலிலிருந்து பேசினார்கள். அலையில் அடித்துக்கொண்டு வந்த ரப்பர் படகு ஒன்றைப் பார்த்து நிறுத்தினார்களாம். அதில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் இருந்தாராம். அவரைத் தூக்கிய மாலுமியிடமே போனைக் கொடுத்தார்கள். சின்ன வயதுக் குரல்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. இன்னிக்கு நாங்க போறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் உசுரு போயிருக்கு. இத்தன நாளு அந்தக் குளிர்ல எப்படித் தாங்குனாருன்னு எங்க கேப்டனுக்கே புரியல."

அவன் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. உடம்பு முழுக்க ஐஸு. வலது உள்ளங்கை மட்டும் சூடா இருந்துச்சு. யாரோ இவ்வளவு நேரம் புடிச்சிருந்துட்டு இப்பத்தான் விட்ட மாதிரி."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜியேவென் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.