ஏழு புள்ளி ஒன்று

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து அவள் தூணைப் பார்த்தாள். தூணில் பதித்திருந்த அளவுப் பலகையின் எண்கள்மேல் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண். நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும். ஏழு புள்ளி மூன்று.

இருபத்தாறு வருடமாக இதை எடுப்பது அப்பாவின் வேலை. மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை பார்த்து, அணை அலுவலகத்துக்குப் போனில் சொல்வார். ஊரில் அவருக்குப் பெயரே 'மீட்டர்'தான். இன்று காலையிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

பாலத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் மாடியில், சேர்த்துப் போட்ட பெஞ்சுகள்மேல் அம்மா கிடந்தாள். பக்கத்தில் சுவரோடு சுவராக அப்பா. கரும்பலகையில் போன வாரத்து வருகைப் பதிவு அழியாமல் இருந்தது: முப்பத்தொன்று.

"எவ்வளவுடி?" என்றாள் சித்தி, அம்மாவின் தங்கை.

"ஏழு புள்ளி மூணு."

"மாமா, இடுகாடு எவ்வளவுல தெரியும்? நாலு மணிக்கு அணையத் திறக்கப் போறாங்களாம். அப்புறம் படகு போவாது. ரெண்டு நாளாச்சு, இனிமே தாங்காது."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏழு புள்ளி ஒன்னு," என்று அவள்தான் சொன்னாள்.

ஊரில் ஒவ்வொரு இடத்துக்கும் அப்பாவிடம் ஒரு எண் இருந்தது. இடுகாட்டுக்கு ஏழு புள்ளி ஒன்று. மாவு மில்லுக்கு ஏழு புள்ளி ஆறு. அவர்கள் வீட்டு வாசற்படிக்கு எட்டு புள்ளி நான்கு. அம்மா கேலி செய்வாள்: "இந்த மனுஷன் ஒரு கணக்கு சொல்லிட்டா, அதுக்கு மேல ஏற ஆத்துக்கே துணிச்சல் வராது."

முந்தாநாள் சாயங்காலம் அம்மா அவளுக்குப் போன் செய்திருந்தாள். டவுனில், அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் கூட்டம்.

"நான் கிளம்பி உங்கிட்ட வந்துடட்டுமா? கடைசி பஸ்ஸு இன்னும் போவல."

"அப்பா என்ன சொல்றாரு?"

"ஏழு எட்டாம். எட்டு நாலு வந்தாத்தான் வாசப்படியாம்."

"அப்புறம் என்னம்மா பயம்? வை, கடையில ஆள் நிக்குது."

அப்பா பாலத்தில் நின்று ஏழு புள்ளி ஒன்பது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டிருந்தது. அம்மா தையல் மிஷினைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்திருக்கிறாள். இளைப்பு வந்திருக்கிறது. மருந்து கீழ்த்தட்டில், தண்ணீருக்குள் இருந்தது. அப்பா நீந்திக்கொண்டு வந்து பார்த்தபோது அம்மா மிஷினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மூன்று மணிக்கு ஏழு புள்ளி ஒன்று.

"மீட்டர் கணக்கு என்னிக்குத் தப்பியிருக்கு? ஏறுங்க ஏறுங்க," என்றார் படகுக்காரர். சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். குனிந்து, அவிழ்க்க வேண்டிய கயிற்றை இறுக்கினார்.

வயல்களின் மேலே படகு போயிற்று. இடுகாடு இருந்த இடத்தில் வேப்பமரம் மட்டும் தெரிந்தது. படகுக்காரர் கழியைச் செங்குத்தாக இறக்கினார். நனைந்த அளவைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சு வரைக்கும் நிக்குது."

"எப்படி? ஏழு ஒன்னுதானே?" என்றாள் அவள்.

"அது பாலத்துலம்மா. இங்க ரோட்டுக்கு மேடு போட்டு மறிச்சுட்டானுங்க. வந்த தண்ணி எந்த வழியா போவும்?"

எதிரே அந்த மேடு, பாதி போட்ட புதுச் சாலை, நீளமாகக் கிடந்தது. போன வருடம் வந்தது. அதற்கு அப்பாவிடம் எண் இல்லை.

"இப்ப எங்கடா வைக்கிறது எங்க அக்காவ?" சித்தி யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

அப்பா கையை நீட்டினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் சொல்: "அங்க."

மேட்டின் ஓரத்தில் படகு முட்டியது. அவள் செருப்பைக் கழற்றித் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே விட்டுவிட்டு, அம்மாவின் கால் பக்கம் பிடித்தாள். மண்ணில் பாதி ஜல்லி. ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டி கத்தியது. முழங்கால் ஆழத்தில் படகுக்காரர் நிமிர்ந்தார்.

"இதுக்கு மேல இறங்காது மீட்டரு. அடியில கல்லு கொட்டியிருக்கானுங்க."

அந்த ஆழமே போதும் என்றாகிவிட்டது.

மண் தள்ளி முடிக்கும்போது அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. நான்கு மணி. அவர் எடுத்தார்.

"மீட்டர், எவ்வளவுங்க?" என்று அணை அலுவலகத்தின் பழகிய குரல் கேட்டது.

"தெரியலீங்க சார்."

"என்னங்க இது, நீங்க போயி தெரியலன்னு. தோராயமாவாவது சொல்லுங்க, அணை ஷட்டரத் திறக்கணும்."

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே அவளிடம் கொடுத்தார்.

"மூணு மணிக்கு ஏழு புள்ளி ஒன்னு சார்," என்றாள்.

"சரிம்மா, அதையே எழுதிக்கிறேன்."

சித்தியும் படகுக்காரரும் படகுக்கு இறங்கிப் போனார்கள். அப்பா ஜல்லிக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கிட்ட வந்துடறேன்னு சொன்னா. நான்தான் வேணாம், தண்ணி வராதுன்னேன்." நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "உனக்குப் போன் பண்ணாளா?"

படகுக்காரர் கீழேயிருந்து கூப்பிட்டார். நேரமாகிறது என்றார்.

"இல்லப்பா," என்றாள்.

அப்பா தலையாட்டினார். இன்னொரு கல்லை எடுத்தார்.

அவள் இறங்கி வந்தாள். விட்ட இடத்தில் செருப்பு இல்லை. ஒன்று படகின் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று வயல் பக்கமாகத் திரும்பி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.