நான்கு மணிக் கோடு

அவளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. கணவன் கப்பல் வேலையில். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. விடியுமுன்பே விழித்துக்கொள்வார், பகலெல்லாம் கோழித்தூக்கம். சாவியை எங்கே வைத்தோம் என்பது இருவருக்குமே நினைவிருக்காது. "இந்த வயசுலயே எனக்குப் போட்டிக்கு வந்துட்டியேம்மா!" என்று சிரிப்பார்.

செவ்வாய்க்கிழமை மாலை பால் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. வியாழன் காலை, அண்ணன் முதியோர் இல்லத்துப் படிவத்தோடு வந்து நின்றான்.

"கைக்குழந்தை இருக்கிற வீடு. இனி அப்பா இங்க வேண்டாம்."

"அப்பாதான் செஞ்சார்னு யார் சொன்னா?"

அவன் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினான். அடுப்பை அணைத்ததும் கோடு போடுவதற்காக அவளே கட்டம் கட்டி ஒட்டிய தாள். பக்கத்தில் நூலில் தொங்கும் பேனா. செவ்வாய், மாலை நான்கு மணிக் கட்டத்தில் அவள் கோடு இருந்தது.

"நீ அணைச்சிருக்கே. அப்புறம் பத்தவச்சது பூனையா?"

அவள் தாளை உற்றுப் பார்த்தாள். இன்றைய நான்கு மணிக் கட்டத்திலும் கோடு இருந்தது. மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை.

மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், தூக்கக் கலக்கத்தோடு காலையிலேயே ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்திலும் இழுத்துவிடுகிறாள்! எத்தனை நாளாக? செவ்வாய் மாலையை நினைத்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை.

"அண்ணா, இந்தக் கோட்டை நம்பாதே. காலையிலயே போட்டுடறேன். இன்னிக்கு நாலு மணிக்கும் போட்டிருக்கேன் பாரு. அன்னிக்குப் பால் வச்சது நானாத்தான் இருக்கும்."

"இதை இப்பதானே போட்டே? அவருக்கு வக்காலத்து வாங்காதே."

"சத்தியமா!"

"சரி, பால் வச்சது ஞாபகம் இருக்கா?"

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"அவளை ஏண்டா அதட்டறே?" அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான்தான் வச்சேன். முதல் தீக்குச்சி நமுத்துப்போயிருந்துது. ரெண்டாவதுலதான் பத்திச்சு. அப்படியே கண்ணுல நிக்குது."

'நீங்கதான் பால் வச்சீங்க' என்று அண்ணன் இரண்டு நாளாக ஃபோனில் திரும்பத் திரும்பச் சொன்னது, அவருக்கு நினைவாகவே ஆகிவிட்டது.

"அப்பா, நம்ம வீட்ல தீப்பெட்டி ஏதுப்பா? குமிழைத் திருகினாலே பத்திக்குமே!" சொல்லும்போதே, அப்பா தப்பித்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

அண்ணனின் குரல் தணிந்தது. "பார்த்தியா? அதுகூட அவருக்கு ஞாபகம் இல்ல."

உள்ளே குழந்தை விழித்து அழுதது. அப்பா தொங்கிய பேனாவைப் பிடித்தார். நூல் குட்டை. அண்ணன் கையிலிருந்த படிவத்தை வாங்கி அந்தத் தாளின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்த இடத்துலடா?"