கண்ணை மூடிக் கேட்ட மூன்று அத்தியாயங்கள்

கண்ணாடிக் கடைக்காரரை யாரும் அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பார்வை சரியாக இருக்கிறது என்று சாதிப்பவர்களைக்கூட ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார். ஊருக்கெல்லாம் கண் பார்த்த அந்த மனிதர் தன் வீட்டில் கோட்டை விட்டதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அவர் ஒரு நாவல் எழுதியிருந்தார். ஆள் வராத மதியங்களில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக எழுதியது. முடித்த கையோடு, கண்ணில் பட்ட பதிப்பகங்களுக்கெல்லாம் ஒரே நாளில் அனுப்பிவைத்தார். கூடவே கோட்டுப் போட்ட தன் புகைப்படத்தையும், சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைப் படித்து அழுதார்கள் என்ற செய்தியையும் சேர்த்து அனுப்பினார். எங்கிருந்தும் ஒரு பதிலும் வரவில்லை.

பிறகுதான் யாரோ சொல்லி, இலக்கிய முகவர் ஒருவரைத் தேடிப் போனார். எழுதுகிறவருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நின்று பேசிப் புத்தகத்தைக் கரை சேர்ப்பது அந்த அம்மாளின் தொழில். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. உட்கார வேண்டுமானால் நாற்காலியில் இருக்கும் யாரோ ஒருவருடைய நாவலைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். முகவர் எடுத்த எடுப்பிலேயே புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அறிமுகக் கடிதம் ஒரு பக்கம் போதும், சொந்தக்காரர்கள் அழுதது அவர்கள் நல்ல மனசு, வாரா வாரம் போன் செய்து என்ன ஆச்சு என்று கேட்டால் ஆகிற காரியமும் ஆகாது என்று வரிசையாக அடுக்கினார். கண்ணாடிக்காரருக்குக் கோபம் வரவில்லை. முகத்துக்கு நேரே இப்படிப் பேசுகிறவர் தனக்காகப் பேசினால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது.

சில மாதங்கள் கழித்து முகவரே கூப்பிட்டார். ஒரு பதிப்பகம் நாவலைப் போடத் தயார். ஆனால் ஒரு நிபந்தனை.

“முதல் மூணு அத்தியாயத்தை எடுத்துடுங்க சார். மழை பெய்யுது, அந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு நிக்குது, மறுபடியும் மழை பெய்யுது. உங்க கதை நாலாவதுலதான் ஆரம்பிக்குது.”

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸுக்கு நின்ற அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவருடைய மனைவி. அவளை முதன்முதலில் பார்த்த நாளை அணு அணுவாக எழுதி வைத்திருந்தார். மனைவிக்கும் அந்தப் பக்கங்கள் என்றால் உயிர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டி, “எங்க, அந்த மழையைப் படிங்க” என்பாள். கண்ணை மூடிக்கொண்டால்தான் நன்றாகக் காதில் விழுகிறது என்பாள். மறுநாள், திரும்பவும் முதலிலிருந்து படிக்கச் சொல்வாள். இப்படி ரசிக்கிற ஒருத்தி எந்த எழுத்தாளனுக்குக் கிடைப்பாள்?

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தார். யோசிக்க என்ன இருந்தது? இத்தனை வருட ஆசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்காக அவளை வெட்டி எறிய அவருக்கு மனம் வரவில்லை. புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி விடுவாளா? துருவித் துருவிக் கேட்டு, கடைசியில் எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

கேட்டு முடித்ததும் துவைத்த யூனிபாரத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த மூணையும் நான் இதுவரைக்கும் முழுசாக் கேட்டதே இல்லைங்க. தூங்கிடுவேன்.”

ஆயிரம் பேர் கண்ணை விரித்து விரித்துப் பார்த்தவர், தன் மனைவி மூடிய கண்ணுக்குள் தூங்குகிறாள் என்று கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாய் என்று கேட்டார்.

“வார்டுல இருந்து வந்தா சும்மா படுத்தாத் தூக்கம் வராது. யாரோ சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும். நீங்க அந்த மழையை ஆரம்பிச்சாத்தான் எல்லாம் அடங்கும்.”

“அப்ப நாலாவது?”

“அது சாவிச் சண்டையாச்சே. வீட்டைப் பூட்டிட்டு சாவியை உள்ள வெச்சது யாருன்னு தெருவே பார்க்க நாம நின்னு கத்தினது. அதுல எப்படித் தூங்கறது? அதுலதான நான் இருக்கேன். பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணு யாரோ எவளோ. அவ்வளவு பொறுமையா நான் எதுக்குமே நின்னதில்லை.”

அவருக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான் அது. சிரிப்பு முந்திக்கொண்டது. அவளும் சிரித்தாள். யூனிபாரத்தை மறுபடியும் பிரித்து மடிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் முகவருக்குச் சம்மதம் சொன்னார். வீட்டில் ஒருத்தி இதே கருத்தை எப்போதோ சொல்லிவிட்டாள், தனக்குத்தான் விளங்கவில்லை என்றார். அப்படியானால் அடுத்த நாவலை முதலில் அவரிடமே காட்டுங்கள் என்றார் முகவர்.

புத்தகம் சாவிச் சண்டையோடு தொடங்கி வெளிவந்தது. முதல் பிரதியை மனைவிதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்டு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றினாள். புத்தகத்தை அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். சோபாவில் காலை நீட்டினாள்.

“வெட்டினதை எங்க வெச்சிருக்கீங்க? எடுத்துட்டு வாங்க.”

இழுப்பறையிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். பஸ் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இந்தத் தடவை அவருக்குத் தெரிந்தது. குரலை இன்னும் கொஞ்சம் தணித்துக்கொண்டு, மூன்றாவது அத்தியாயம் முடியும் வரை நிறுத்தாமல் படித்தார்.