லேஞ்சிக்குள் குருசு

என் மனைவி நேசம் இருபத்தெட்டு வருஷமாக என் லேஞ்சிகளைத் தோய்க்கிறவள். லேஞ்சி என்றால் கைக்குட்டை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்த எவனும் அதைக் கைக்குட்டை என்று சொல்லி நான் கேட்டதில்லை. கச்சேரிக்கு மறுநாள் காலை அதை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

"மேடையில இருந்து அப்பிடித் துடைக்கிறீங்கள். இதில ஒரு சொட்டு வேர்வையும் இல்லையே?"

"ஏசி போட்டிருந்தவங்கள்."

"ஏசி போட்ட இடத்தில என்னத்தைத் துடைச்சனீங்கள்?"

நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். அவளுக்கு விஷயம் தெரியும். என் வாயால் சொல்ல வைப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

விஷயம் இதுதான். நான் வயலின் வாசிக்கிறவன். குருசு, அதாவது சிலுவை அடையாளம், போடாமல் வில்லைத் தொட என்னால் முடியாது. அப்பா துறைமுகத்தில் கிளார்க். காலையில் படி இறங்கும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும், கிரிக்கெட் கேட்க ரேடியோவைத் திருகும்போதும் குருசு போடுகிற மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குக் கை தானாகவே நெற்றிக்குப் போகும். ஆனால் நான் வாசிப்பது கர்நாடக சங்கீதம். வாசிக்கிற இடம் பெரும்பாலும் வெள்ளவத்தை. முன்வரிசையில் இருப்பது நெற்றி நிறையத் திருநீறு பூசிய சனம்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைப்பேன். அது பிதா. அதைச் சட்டைப் பைக்குள் வைப்பதுபோல நெஞ்சைத் தொடுவேன். அது சுதன். இடது தோளில் தூசு தட்டி, வலது தோளிலும் தட்டினால் பரிசுத்த ஆவியோடு ஆமெனும் முடிந்துவிடும். நாலு விநாடி வேலை. இதைவிடத் திறமான கள்ளன் கொழும்பில் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

இந்தக் கள்ளத்தனம் தொடங்கியது தொண்ணூற்றாறில். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் முதல் கச்சேரி. அன்றைக்கு ஒளிக்கத் தெரியாது. எல்லாரும் பார்க்க நன்றாகப் பெரிதாகக் குருசு போட்டேன். முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அட, வேதக்காரப் பொடியனே? தேவாரம் பாடேக்க இவருக்குப் பிடிபடுமோ?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன். அவரில் ஒரு வஞ்சகமும் இல்லை. கச்சேரி முடிந்ததும் தானே வடையும் கொண்டுவந்து தந்து, "நல்லா வாசிச்சீர் தம்பி" என்று சொன்னவர். வடையைத் தின்றேன். காது மட்டும் வீடு போய்ச் சேரும்வரை சுட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் தேவாலயத்து ஆட்களும் இலேசுப்பட்டவர்கள் இல்லை. "வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு வாசிக்கிறவர் வாறார்" என்று பாடகர் குழுவில் ஒரு பகிடி. செபக்கூட்டத்தில் எல்லாரும் கையை உயர்த்திக் கண்ணை மூடிப் பாடும்போது நான் மட்டும் சுருதி பார்க்கிறவன் மாதிரி வயலினுக்குள் குனிந்திருப்பேன். பாட விருப்பமில்லாமல் இல்லை. தொண்டைவரை வரும். யாராவது பார்ப்பார்களே என்று நினைத்ததும் திரும்பிப் போய்விடும். எனக்கு அப்படி ஒரு வெட்கம்.

அந்த முதல் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தவன்தான் லோகேஸ்வரன். எனக்கு லோகன். தபால் கந்தோரில் வேலை, வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. அன்றிலிருந்து எங்களைப் பிரித்துக் கூப்பிட்டவர்கள் குறைவு. அரங்கேற்றமோ, கோயில் திருவிழாவோ, கலியாண வரவேற்போ, இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம்.

அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வயலினோடு நான் வந்து இறங்குவேன். கடற்கரைப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் ஆளுக்கு ஒரு ரோல்சும் பிளேன்டீயும். லோகன் மேசையில் தாளம் போடத் தொடங்கினால் கிளாஸ் எல்லாம் ஆடும். "அய்யே, மேசே கடன்ட எப்பா!" என்று, மேசையை உடைத்துவிடாதே என்று, முதலாளி சத்தம் போடுவார். பிறகு அவரே வந்து பக்கத்தில் நின்று கேட்பார். தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் எங்களைக் கடக்கும் நேரம் லோகன் அதன் சத்தத்துக்குச் சரியாகத் தீர்மானம் என்கிற முடிவுச் சொற்கட்டு ஒன்றை வைத்து முடிப்பான். நானும் முதலாளியும் கை தட்டுவோம்.

சண்டை நடந்த அந்த நாட்களில் றோட்டுக்கு றோட்டு செக்பொயின்ற். ஒருமுறை ஆமிக்காரப் பொடியன் ஒருவன் வயலின் பெட்டியைத் திறந்து கிளறினான். துணிக்குள் சுற்றி வைத்திருந்த செபமாலை வெளியே வந்தது. "மே காகெத?" யாருடையது என்று கேட்கிறான். பக்கத்தில் லோகன் நிற்கிறான், பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். "நோனாகே" என்றேன். மனைவியுடையதாம்! ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கச் சீடர் இராயப்பருக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு தரமே காணுமாயிருந்தது. அந்தப் பொடியன் தன் கொலருக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிலுவையை எடுத்துக் காட்டிச் சிரித்துவிட்டு, செபமாலையைப் பக்குவமாகச் சுற்றி உள்ளே வைத்தான்.

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு லோகன் சொன்னான்.

"உன்ரதெண்டு சொல்லியிருந்தா இன்னும் கெதியா விட்டிருப்பான்."

"அது நேசத்தின்ர தான்."

"ஓம், ஓம். வா, நேரம் போகுது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் அவன் கதைத்ததில்லை.

லோகனோடு வாசிப்பதில் எனக்கு ஒரு பெரிய சுகம் இருந்தது. வேறு மிருதங்கக்காரருக்குத் தலையை ஆட்டிக் காட்டித்தான் தொடங்க வேண்டும். லோகனுக்கு ஒன்றும் வேண்டாம். நான் வில்லை வைக்கும் அதே கணம் அவன் கையும் விழும். ஒரு மயிரிழை பிசகாது. அவனுடைய ஞானம் அப்படி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போன வருஷம் மாசியில் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பதினாலு மாதம் ஒரு றப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து இடது கையைத் திரும்ப எழுப்பினான். விரல்கள் வந்தன. பழைய பலம் வரவில்லை. அவனுடைய மனைவி ஜீவராணி பக்கத்தில் இருந்து எண்ண, குழந்தை எழுதப் பழகுவதுபோல முதல் பாடத்திலிருந்து தொடங்கினான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. அவனுக்குக் காட்டாமல் இருக்க ஏதாவது ஏசிவிட்டு எழும்பி வருவேன்.

இந்த வைகாசியில் ஒரு சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு ஒரு மணித்தியாலக் கச்சேரி கேட்டார்கள். வயலினும் மிருதங்கமும் மட்டும்.

"இதுக்கு நான் வாறன்" என்றான் லோகன். "இதில சரி வந்தா இனி வாசிப்பன். சனத்துக்கு முன்னால கை பிழைச்சுதோ, மிருதங்கத்தை ஆருக்காவது குடுத்திடுவன். பிறகு நீ என்னைக் கேக்கக்கூடாது."

பகிடிக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

கச்சேரிக்கு நாலு நாள் இருக்கும்போது என் மகள் டிலக்ஷி போனோடு வந்தாள். "அப்பா, நீங்கள் வைரல்!" யாரோ ஒரு விஷமி என்னுடைய பழைய கச்சேரி வீடியோக்களில் இருந்து அந்த நாலு விநாடியை மட்டும் வெட்டி, பத்துப் பன்னிரண்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் போட்டிருந்தான். நெற்றி, நெஞ்சு, தோள், தோள். நெற்றி, நெஞ்சு, தோள், தோள். "அங்கிள் வேர்வை துடைக்கேல்ல, குருசு போடுறார்" என்று கீழே எழுத்து. சிரிக்கிற முகங்கள் நூற்றுக்கணக்கில். ஒரு பிள்ளை கேட்டிருந்தது: "ஏன் ஒளிக்கிறார்? வெக்கமாமோ?"

அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கமெண்ட் முழுவதையும் இருந்து வாசித்தேன், மானம் கெட்டவன். நேசம் சொன்னாள், "அதுக்கென்ன? இனிப் பயமில்லாமப் போடுங்கோவன்." நான் அவளோடு கத்தினேன். மேடையில் இனிக் குருசே இல்லை என்று முடிவெடுத்தேன். வேண்டுமென்றால் திரைக்குப் பின்னால் போட்டுவிட்டு வரலாம். ஆண்டவருக்கு எங்கே போட்டால் என்ன?

அப்படியே செய்தேன். மண்டபத்துப் பின் அறையில், ஒரு அலுமாரியைப் பார்த்து நின்று, நிறுத்தி நிதானமாகக் குருசு போட்டேன். மேடைக்கு லேஞ்சி இல்லாமல் வந்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. லோகன் திரும்பி வருகிறான் என்று கிருலப்பனையில் இருந்தும் பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் நேசமும் ஜீவராணியும். ஜீவராணியின் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. லோகன் மிருதங்கத்தை மடியோடு அணைத்து, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வர்ணம். நான் வில்லை வைத்தேன். அவனுடைய கை விழவில்லை.

முதல் ஆவர்த்தனம் தனியாகப் போனது. அவன் கை அசையவில்லை. நிறுத்தி, கம்பியை முறுக்குகிறதுபோல ஒரு நாடகம் ஆடிவிட்டு மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் இல்லை. மண்டபத்தில் இருமல்கூட நின்றுபோனது. எல்லாருடைய கண்ணும் அந்த இடது கையில். "பாவம்" என்று ஒரு குரல் மெல்லச் சொன்னது. ஜீவராணி தலையைக் குனிந்துவிட்டார். முடிந்தது, இவன் இனி மிருதங்கத்தைத் தொடமாட்டான் என்றே நினைத்தேன்.

குனிந்து மெதுவாகக் கேட்டேன். "லோகன், கை ஏலாதோ?"

"கைக்கு ஒண்டுமில்லை" என்றான். "நீ இன்னும் குருசு போடேல்லை. நான் எதில துவங்கிறது?"

அவன் வாய்க்கு முன்னால் மைக் இருந்ததை இரண்டு பேரும் மறந்துபோனோம். மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலது தோளில் நான் தூசு தட்டுவதுதான் இந்த மனிதனுக்கு எடுப்பு. இருபத்தெட்டு வருஷமாக அதைப் பார்த்துத்தான் கையை இறக்கியிருக்கிறான். இன்றைக்கு அதை நான் எடுத்துவிட்டேன். சனம் அவனுடைய கையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. பிழை என்னுடையது.

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது பழையபடி சுட்டது. வெட்கம் ஒரு இடமும் போகவில்லை. அதோடுதான் கையைத் தூக்கினேன். நெற்றி. துடைக்க ஒன்றும் இல்லை, வெறும் விரல்கள். "பிதா" என்றது என் வாய், அதுவும் மைக்கில். நெஞ்சு. இடது தோள். வலது தோளில் விரல் பட்டு இறங்க, வில் கம்பியில் விழ, லோகனின் இரண்டு கையும் விழுந்தன.

மிருதங்கத்தின் இடந்தலையில் சத்தம் பாதிதான் வந்தது. ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு இடத்தில் அவன் தடுமாறினான். நாலு இடத்தில் நான் தடுமாறினேன், கண்ணீரில் கம்பி தெரியாமல். சனம் எதையும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

பின் அறையில் ஜீவராணி அவனுடைய இடது கைக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தார். நான் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் கச்சேரி தொடக்கம்தான். அண்டைக்கு வடிவாப் போட்டாய். அடுத்த கச்சேரியில லேஞ்சி வந்திட்டுது."

"பிறகேன்டா ஒரு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீ வெக்கப்பட்டு விட்டிடுவாய். இந்தமுறை விட்டாய்தானே?" அவன் இடது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். "எனக்கும் மேடை எண்டாப் பயம், மச்சான். இண்டைக்கெண்டில்லை, எண்டைக்கும். நீ நெத்தியில கை வைக்கேக்க நானும் பிள்ளையாரே எண்டு துவங்குவன். உன்ர கை வலப்பக்கத் தோளுக்கு வாறதுக்கிடையில கும்பிட்டு முடிச்சிடுவன். சில நாள் நீ கெதியாப் போட்டிடுவாய். எனக்கு நேரம் காணாது."

ஜீவராணி தைலப் போத்தலை மூடினார். அந்த மேடையில் இருபத்தெட்டு வருஷமும் நான் மட்டும் தனியே ஒளித்து ஒளித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஜீவராணி பார்க்கிறார் என்றும் பாராமல், அழுதேன்.

"அடுத்த கச்சேரியில மெதுவா, ஆறுதலாப் போடுறன்" என்றேன்.