பாராசூட் மடிக்கும் பரீட்சை

கீதாவைக் கண்டாலே ஹபீபாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கீதாவுக்கும் ஹபீபாவைப் பிடிக்காது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மூன்று வாரமாக இரண்டு பேரும் செம்பூரில் ஒரு பழைய கோடவுனுக்குள், நீளமான விரிப்பின் இரண்டு பக்கமும் முழங்காலிட்டு, ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டிருந்தார்கள். சகித்துக்கொண்டார்கள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்.

கோடவுன் விமானத்திலிருந்து குதிக்கும் ஒரு கிளப்புடையது. குதிப்பதெல்லாம் ஊருக்கு வெகுதூரத்தில் ஒரு விமானத் திடலில். குதித்து முடித்த பாராசூட்டுகள் அள்ளிக் கட்டிய மூட்டையாக இங்கே வரும். அவற்றை மடித்துப் பைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கீதா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வயது, பாராசூட் மடிக்க லைசென்ஸ் வைத்திருப்பவள், தானும் குதிப்பவள். ஹபீபா தாராவிக்காரி, நாற்பதைத் தாண்டியவள். கணவன் இறந்த பிறகு அவன் அண்ணன் முகம்மது ஹனீபின் ரெடிமேட் பட்டறையில் சட்டைகளுக்கு நூல் வெட்டி, மடித்து, அட்டை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளப் முதலாளி இஜாஸ் ஏதோ பை தைக்கக் கொடுக்க அங்கே வந்தவர், அவள் கை வேகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே வேலைக்குக் கூப்பிட்டார். கீதாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளி மேல் காட்ட முடியாத கோபம் யார் தலையில் விடியும் என்று சொல்லவா வேண்டும்.

"போறதுன்னா போ. திரும்பி வந்தியன்னா ஒன் எடத்துல சபுரா உக்காந்திருப்பா" என்றார் ஹனீப் மச்சான். சொன்னபடியே மறுநாள் சபுரா என்ற இன்னொருத்தியை உட்கார வைத்தும்விட்டார். ஆக, இங்கே பயிற்சி முடிந்து கீதா வைக்கும் பரீட்சையில் தேறாவிட்டால் ஹபீபாவுக்கு அங்கேயும் இடமில்லை.

முதல் நாள் ஹபீபா மடித்ததைக் கீதா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூலை மூலையாக, இஸ்திரி போட்டதுபோல் இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு. இதை மாட்டிண்டு குதிக்கறவனும் அழகாத்தான் சாவான்."

விஷயம் இதுதான். பாராசூட்டின் கயிறுகளெல்லாம் ஒரு சிறிய சதுரத் துணியின் நான்கு வளையங்களுக்குள் புகுந்து போகும். அந்தத் துணியை உச்சிவரை தள்ளி வைக்க வேண்டும். வானத்தில் அது மெல்லக் கீழே இறங்கினால்தான் பாராசூட்டும் மெல்ல விரியும். இல்லையென்றால் ஒரே அறையாகத் திறந்து ஆளின் கழுத்தை ஒடித்துவிடும். ஹபீபா அதைக் கீழே இழுத்து நீவிவிட்டிருந்தாள், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று.

"சாவுறவன் கதையத்தான் தெனமும் சொல்லுதிய. எப்படிச் செய்யணும்னு சொல்லித் தாங்க மேடம்" என்றாள் ஹபீபா.

"சொன்னேன். நீங்க கேக்கலை. இது ஷோரூம்ல வைக்கற சட்டை இல்லை. திறக்கணும். திறக்கறதுக்காகத்தான் மடிக்கறோம்."

சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் அத்தனையும் கலைத்துப் போட்டாள். அன்று மட்டுமல்ல, தினமும் கலைத்தாள். ஒரு கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாலும் இழுப்பு, துணி ஓரம் ஒரு விரல் பிதுங்கினாலும் இழுப்பு. பாராசூட் துணி வழவழவென்று கையை விட்டு நழுவும். உள்ளே காற்று புகுந்துகொண்டு உப்பும். ஹபீபா அதன் மேல் குப்புறப் படுத்து நெஞ்சால் அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்றுவாள். வியர்வை துணியில் சொட்டினால் அதற்கும் ஒரு ஏச்சு விழும். ஹபீபா வாய்க்குள்ளேயே இந்தியில் எதையோ முணுமுணுப்பாள்.

"என்ன சொன்னேள்?"

"இழுத்து இழுத்து ஒங்க கை நோவுமேன்னு சொன்னேன்."

வேலை ஆகாது என்று கீதா தினமும் இஜாஸுக்குப் போன் போட்டாள். ஹபீபாவின் காதில் விழும்படியே பேசினாள். ஹபீபாவும் சும்மா இருக்கவில்லை. கீதா சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து விரிப்பை உதறுவாள். ஆனால் கை படிந்துவிட்டது. துணி மடிப்புகளை இரு பக்கமும் சமமாகத் தள்ளவும், துணியின் பின் ஓரமான வாலைச் சுற்றி உருட்டவும், கயிறுகளை ரப்பர் பேண்டுகளில் வரிசையாகச் செருகவும் அது பழகிவிட்டது. கீதா இழுத்துக் கலைப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

பரீட்சை வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. அதுவரை பழகிய பையில் ஒரே ஒரு பாராசூட்தான். இது நிஜப் பை, முதுகில் மாட்டுவது. கீழ்ப்பாதியில் ஹபீபா மடித்து வைக்க வேண்டியது. மேல்பாதியில் இன்னொன்று, ரிசர்வ், முதலாவது ஏமாற்றினால் உயிரைக் காப்பாற்ற. அதைக் கீதா மட்டும்தான் மடிப்பாள். மடித்து, அதைப் பூட்டும் இரும்புப் பின்னில் ஒரு மெல்லிய சிவப்பு நூலைச் சுற்றி, நுனியில் ஈயக் குண்டு வைத்து நசுக்கித் தன் முத்திரையைப் பதிப்பாள். நூல் அறுந்திருந்தால் அந்தப் பையை யாரும் மாட்டக் கூடாது; பின் கழன்றால் ரிசர்வ் கண்ட நேரத்தில் திறந்து ஆளைக் கொன்றுவிடும். இதை முதல் நாளே சொல்லியிருந்தாள். மறுநாள் காலை ஒருவர் இந்தப் பையோடு குதிக்கப்போகிறார் என்றும், தேறினால் திங்கள் முதல் வேலை என்றும் சொல்லிவிட்டுக் கீதா வெளியே போய்விட்டாள்.

ஹபீபா மடித்தாள். அன்றைக்கு அவள் கை போனபடி எல்லாம் வந்தது. பையை மூடி, பின்னைச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பட்டறையில் எந்த உருப்படியும் அப்படியே மேஜையை விட்டுப் போவதில்லை. கடைசியாக ஒரு தடவை முழுக்கத் தடவி, பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அடியோடு வெட்ட வேண்டும். நுனியை மட்டும் வெட்டினால் ஹனீப் மச்சான் சட்டையை மூஞ்சியில் எறிவார். ஹபீபாவின் நூல் வெட்டும் கட்டர் இப்போதும் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியது. கை பையைத் தடவியது. மேல் மூடியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது. இடது கை மூடியைத் தூக்கி நூலை இழுத்துப் பிடித்தது, வலது கை அடியோடு வெட்டியது. ஈயக் குண்டு விரிப்பில் விழுந்த பிறகுதான் ஹபீபா என்று ஒருத்தி அங்கே இருப்பது அவளுக்கே தெரிந்தது.

குண்டைப் பொறுக்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். மூடியையும் மூடிவிட்டாள். கீதாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

கீதா கீழ்ப்பாதியைத் திறந்தாள். ஒவ்வொரு ரப்பர் பேண்டாக, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள். சதுரத் துணி உச்சியில் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினாள். பிறகு பழையபடி மூடினாள். வேப்பெண்ணெய் குடித்தவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "தப்பு இல்லை. திங்கக்கிழமை வந்துடுங்கோ" என்றாள். மேல்பாதிப் பக்கம் அவள் கண் போகவே இல்லை. தான் மடித்தது, தான் முத்திரை வைத்தது; அதை எதற்குப் பார்ப்பது?

வெளியே திடலுக்குப் போகும் வேன் ஹார்ன் அடித்தது. கீதா பையைத் தூக்கினாள்.

ஹபீபாவுக்கு உள்ளூரச் சிரிப்புகூட வந்தது. வேலை கிடைத்தாயிற்று. நூல் இல்லை என்று யாராவது கண்டுபிடித்தால் கேள்வி முத்திரைக்காரியிடம்தான் போகும். நன்றாகப் படட்டும். மூன்று வாரம் படுத்திய பாட்டுக்கு இது போதாது. இனித்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

ஆனால் இந்தப் பிசாசின் கண்ணுக்கே தப்பியது வேறு எவன் கண்ணில் படும்? நூலை இழுத்தபோது அந்தப் பின் நகர்ந்ததா இல்லையா? அது அவளுக்குத் தெரியவில்லை. தெரியவே இல்லை.

கீதா வாசலைத் தாண்டப் போனாள்.

"மேடம். அத வைங்க" என்றாள் ஹபீபா. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "நூல வெட்டிட்டேன். பிசிறுன்னு நெனச்சு வெட்டிட்டேன்."

கீதா பையை இறக்கி மேல் மூடியைத் தூக்கினாள். ரிசர்வைப் பூட்டும் பின் பாதிக்கு மேல் நழுவி வெளியே வந்திருந்தது. பிறகு எழுந்து போய் வேறொரு பையை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தாள். கத்துவாள் என்று ஹபீபா காத்திருந்தாள். கத்தவில்லை.

"எப்போ வெட்டினேள்?"

"நீங்க வாறதுக்கு முன்னாடி."

"நான் பாஸ் போடற வரைக்கும் கையை மூடிண்டு நின்னேள்."

"ஆமா. நீங்களும் மூடியத் தூக்கிப் பாக்கலியே."

கீதாவின் முகம் சிவந்தது. "அப்புறம் எதுக்குச் சொன்னேள்? சொல்லாம இருந்தா வேலையும் இருக்கும், என் லைசென்ஸும் போயிருக்கும்."

"அத மாட்டிக்கிட்டுக் குதிக்கது நீங்க இல்லல்லா. யாரோ ஒருத்தன்."

"நான்னா?"

ஹபீபாவுக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. அன்றைக்குப் பொய் போதும் என்று பட்டது.

"நீங்கன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

கீதா தலையை ஆட்டினாள். விரிப்பில் உட்கார்ந்து, தான் மடித்த ரிசர்வை வெளியே எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஃபெயில். திங்கக்கிழமை வேலை கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பரீட்சை. அன்னிக்கு நீங்க மடிக்கறதை மறுநாள் நான் மாட்டிண்டு குதிப்பேன். இப்பவே யோசிக்க ஆரம்பிங்கோ."

ஹபீபா கோடவுனை விட்டு வெளியே வந்தாள். சயான் பக்கம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் வேலை கிடைக்குமா என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். இப்போது அந்தத் திமிர் பிடித்தவள் உயிரோடு தரையிறங்க வேண்டுமே என்று பயமாக இருந்தது.